வெள்ளிக்கிழமை வேன்

மில்லில் யாரிடம் விசாரித்தாலும் சுடலைவடிவைப் பற்றி முதலில் ஒன்றைத்தான் சொல்வார்கள். அக்டோபர் பிறந்து அவள் நோட்டும் பேனாவுமாக வந்து நின்றுவிட்டால் கையெழுத்துப் போடாமல் தப்ப முடியாது. செய்துங்கநல்லூருக்குக் கொஞ்சம் முன்னால், திருச்செந்தூர் ரோட்டு மேலேயே இருக்கிற நூல் மில் அது. வருஷத்துக்கு ஒரு நாள் கூலியைத் தொழிலாளர்கள் விட்டுக்கொடுப்பார்கள். அதே அளவுக்கு முதலாளியும் போடுவார். இரண்டும் சேர்ந்து திருச்செந்தூர்ப் பக்கம் இருக்கிற ஒரு மனநலக் காப்பகத்துக்குப் போகும். புத்தி பேதலித்துக் கேட்பாரற்றுத் தெருவில் கிடக்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு போய், குளிப்பாட்டி, மருந்து கொடுத்து வைத்திருக்கிற இடம். ஆறு வருஷமாக இந்த வழக்கம் நடக்கிறது. நூலைக் கூம்புகளில் சுற்றுகிற கோன் வைண்டிங் பகுதிக்கு வசூல் பொறுப்பு சுடலைவடிவுக்கு.

முப்பத்தொன்பது வயது. கல்யாணம் ஆகவில்லை. பேச்சு குறைவு. ஆனால் அந்த நோட்டைக் கையில் எடுத்துவிட்டால் எங்கிருந்துதான் அவ்வளவு பேச்சு வருமோ. "ரோட்டோரமா அழுக்குத் துணியோட ஒருத்தன் நிக்கான்னு வையி. அவனுக்கும் ஒருத்தி உருண்டை உருட்டிச் சோறு குடுத்துத்தான வளத்திருப்பா" என்று தொடங்குவாள். கேட்கிறவர்கள் பேனாவை வாங்கிக்கொள்வார்கள். பக்கத்து மெஷின் முத்துராணி மட்டும் மசியமாட்டாள். "ஏட்டி வடிவு, நாங்க குடுக்க காசுல அங்க உள்ளவனுக்குத் தெளிஞ்சிரும், கூலி போன கவலையில எங்களுக்குப் பிடிச்சிரும் போலிருக்கே" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். சுடலைவடிவும் சிரிப்பாள். முத்துராணியும் கடைசியில் கையெழுத்துப் போட்டுவிடுவாள்.

சுடலைவடிவுக்கு ஒரு தம்பி உண்டு, திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான் என்று மில்லில் எல்லாருக்கும் தெரியும். அவளே சொன்னதுதான். அந்தத் தம்பி பெருமாள்ராஜ், செய்துங்கநல்லூர் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்புறத் தெருவில், இரண்டு அறை உள்ள வாடகை வீட்டில், உள்ளறையில் பூட்டிக் கிடந்தான்.

எடுத்த எடுப்பில் பூட்டிவிடவில்லை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத்தார் ஏற்றுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவன், லாரி டிரைவர் போனில் தன்னைப் பற்றித்தான் பேசுகிறான் என்று ஒரு நாள் சண்டைக்குப் போனான். பிறகு டீக்கடை ரேடியோவும் அவனைப் பற்றிப் பேசியது. அப்புறம் யாரும் பேசாமலே அவனுக்குக் கேட்டது. அப்பா அம்மா இரண்டு பேரும் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அப்போது அவள் வேறொரு மில்லில் இருந்தாள். ஒரு மத்தியானம் அவன் அந்த மில் வாசலில் வந்து நின்று, அக்காவை உள்ளே வைத்துக் கொல்லுகிறார்கள் என்று கத்தினான். சூப்பர்வைசர் அன்று சாயங்காலமே, வீட்டைச் சரி பண்ணிவிட்டு வாம்மா என்று அவளை அனுப்பிவிட்டார். அப்புறம் கூப்பிடவே இல்லை. அந்தப் பாடத்தை அவள் மறக்கவில்லை. இந்த மில்லில் சேர்ந்த முதல் நாளே திருப்பூர்க் கதையைச் சொல்லிவிட்டாள்.

அரசு ஆஸ்பத்திரியில் மாதாமாதம் மாத்திரை வாங்கி வருவாள். விழுங்கினால் அவனும் மனுஷன்தான். முற்றம் பெருக்குவான், ரசம் வைப்பான், கிரிக்கெட் பார்ப்பான். விழுங்காத மாதங்களில்தான் தாங்காது. நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்து, அவள் அங்கிட்டுப் போனதும் துப்பிவிடுவான். ஆவணி மாதத்தில் ஒரு தடவை தண்டவாளத்தில் போய் நின்றான். ரயில்வே கேங்மேன் ஒருவர் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து விட்டுப் போனார். அன்று முதல் ஷிப்டுக்குப் போகும்போது பூட்டு. வீட்டுக்காரர், மாசக் கடைசிக்குள்ள வேற வீடு பாத்துக்கோம்மா, அக்கம்பக்கத்துல பயப்படுதாவ என்று சொல்லி நான்கு நாளாயிற்று. அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாதது புதன்கிழமை நடந்தது. ஷிப்ட் முடிந்து கதவைத் திறந்தால் கதவு இடுக்கைப் பிறாண்டிப் பிறாண்டி அவன் விரல் நுனியெல்லாம் ரத்தம். நகம் ஒன்று பெயர்ந்து கதவிலேயே ஒட்டியிருந்தது. "கூப்பிட்டுக்கிட்டே இருந்தேனேக்கா" என்றான். அவள் மஞ்சளை அரைத்துப் போட்டுவிட்டு, அடுப்பங்கரையில் உட்கார்ந்து, வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள். இந்தப் பயலைக் கொல்வதற்கு இனி வேறு யாரும் வரவேண்டியதில்லை, நானே போதும் என்று அவளுக்கு அன்றைக்குத் தோன்றிவிட்டது.

காப்பகத்தில் கேட்டுப் பார்த்திருக்கலாமே என்றால், கேட்க முடியாது. சொந்தக்காரர்கள் இருக்கிறவர்களை அங்கே சேர்ப்பதில்லை. போன வருஷ விழாவில் காப்பகத்திலிருந்து வந்த சித்ரலேகா மேடம் மைக்கிலேயே அதைச் சொன்னார். மில் தொழிலாளர்கள் வாங்கிக் கொடுத்த வேன் வெள்ளிக்கிழமைதோறும் காலை ஒன்பது மணிக்குத் திருச்செந்தூர் ரயில்வே ஸ்டேஷன் முன்னாலும், பஸ் ஸ்டாண்டிலும், கோவில் பக்கமும் சுற்றி வருகிறது. தன்னந்தனியாக நிற்கிறவர்களைப் பார்த்து ஏற்றிக்கொள்கிறோம் என்றார். "சில பேரு வேணும்னே கூட்டியாந்து விட்டுட்டுப் போயிருதாங்க" என்று கசப்போடு ஒரு வார்த்தையும் சேர்த்தார். லட்டுத் தட்டோடு நின்றிருந்த சுடலைவடிவுக்கு அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. அன்றைக்குத் தைத்ததுதான் இந்தப் புதன்கிழமை அவளுக்கு வழி காட்டியது. நம்ம வேன்தானே, நம்ம கூலியில் ஓடுகிற வண்டிதானே என்று நினைத்தாள். ஆறு வருஷத்தில் அவள் கொடுத்தது ஆறு நாள் கூலி. தம்பிக்கு ஒரு கட்டில் கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை விடியக்காலம் அவனைக் குளிப்பாட்டி, நீலக் கட்டம் போட்ட சட்டையை மாட்டிவிட்டாள். அந்தச் சட்டைப் பையில் அவள் போன் நம்பர் எழுதிய காகிதம் ஊக்கு குத்தி எப்போதும் இருக்கும். தொலைந்துபோனால் யாராவது கூப்பிடுவதற்காக அவளே குத்தி வைத்தது. அதைக் கழற்றினாள். அவனுடைய ஆதார் அட்டையை எடுத்துப் பானைக்குள் போட்டாள். முதல் ரயிலில் கூட்டிக்கொண்டு போனாள். ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தவன், ஆழ்வார்திருநகரி தாண்டும்போது, நாம எங்கக்கா போறோம் என்று ஒரே ஒரு தடவை கேட்டான். கோவிலுக்கு என்றாள். திருச்செந்தூர் ஸ்டேஷன் முன்னால், வேப்ப மரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சில் அவனை உட்கார வைத்து, நாலு இட்லி வாங்கி மடியில் வைத்தாள்.

"இங்கனயே இரு. ஒரு வேன் வரும். ஏறுன்னு சொன்னா ஏறிக்க."

"நீ?"

"நான் பின்னால வாரேன்."

திரும்பிப் பார்க்காமல் நடந்து பஸ் ஏறினாள். அன்றைக்குப் பதினோரு மணிக்கு மில்லில் விழா. காப்பகத்துக்கு இருபது மின்விசிறி கொடுக்கப் போகிறார்கள். வசூல் செய்தவள் அங்கே இல்லாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். பஸ்ஸில் கண்டக்டர் இரண்டு தடவை சில்லறை கேட்டது அவள் காதில் விழவில்லை. எட்டேமுக்கால் ஆகிவிட்டது, இன்னும் கால் மணி நேரம், வேன் வந்துவிடும், வேன் வந்துவிடும் என்று ஸ்லோகம் மாதிரிச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

மில் எதிரே இறங்கினாள். வாசலில் வாழை கட்டியிருந்தது. வாழைக்கு நடுவில் வேன் நின்றுகொண்டிருந்தது.

முதலில் இது வேறு வண்டி என்றுதான் நினைத்தாள். முன் கண்ணாடியில் கதம்ப மாலை, நெற்றியில் சந்தனம் குங்குமம் என்று புது வண்டிக்குப் பூஜை போடுகிற மாதிரி ஜோடித்திருந்தார்கள். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தது. பக்கவாட்டில் 'மில் தொழிலாளர்கள் உபயம்' என்று கொட்டை எழுத்தில் இருந்ததையும் வாசித்தாள். டிரைவர் ரசீத் காக்கா ஒரு துணியால் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார். காயல்பட்டினத்துக்காரர். அங்கே அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள் என்பதால் மில்லிலும் எல்லாருக்கும் அவர் காக்காதான்.

பக்கத்தில் போனாள்.

"காக்கா, இன்னைக்கு வெள்ளிக்கிழமைலா? ரவுண்டு போகலியா?"

"எங்க விட்டாவ, தங்கச்சி? ராத்திரி உங்க மேனேஜர் போன் போட்டுட்டாரு. வேனும் படத்துல விழணுமாம். நாளைக்குச் சேத்துச் சுத்திக்கிடலாம்."

மேனேஜர் சிவசண்முகம் கெட்டவர் இல்லை. நெற்றி நிறையத் திருநீறும், அதைவிட நிறைவான சிரிப்புமாக இருக்கிறவர். நோட்டீஸில் மின்விசிறி என்று மட்டும்தான் அச்சடித்திருந்தது. கொடுத்தவர்கள் தாங்கள் கொடுத்ததைக் கண்ணால் பார்த்தால் அடுத்த வருஷம் இன்னும் சந்தோஷமாகக் கொடுப்பார்கள், அதனால் வேனையும் வரவழைத்து ஒரு பூஜை போட்டுவிடுவோம் என்று கடைசி நேரத்தில் அவருக்கு ஒரு யோசனை. இந்தப் பக்கத்தில் யாருக்கும் வரக்கூடிய யோசனைதான். டியூப் லைட் கொடுத்தால்கூட வெளிச்சம் பாதி மறைகிற அளவுக்குப் பெயர் எழுதிக் கொடுக்கிற ஊர்.

மணி பத்தே முக்கால். அவனை உட்கார வைத்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மாத்திரை இல்லாமல் ஒரு இடத்தில் அரை மணி நேரம் உட்காருவான், மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரம். அப்புறம் எழுந்து நடப்பான். எங்கே நடப்பான்? ஸ்டேஷனிலிருந்து எல்லாக் கூட்டமும் கோவிலுக்குத்தான் போகும். கோவிலைத் தாண்டினால் கடல். அவனுக்கு நீச்சல் தெரியாது. போலீஸுக்குப் போன் பண்ணலாமா என்று எடுத்தாள். நீங்க யாரும்மா பேசுதீங்க என்று கேட்பார்கள். வைத்துவிட்டாள். திரும்ப பஸ் ஏறலாம் என்றால் நின்று நின்று போக இரண்டு மணி நேரம். போய் அவனைக் கண்டுபிடித்தாலும் திரும்பக் கூட்டிவந்து அதே அறையில்தானே பூட்ட வேண்டும்? வேன் போக வேண்டும். அவள் இல்லாமல் வேன் மட்டும் போக வேண்டும். அதற்கு ஒரு பொய் வேண்டும்.

பொய்யைத் தேடிக்கொண்டிருக்கும்போதே மைக்கில் அவள் பெயர். இந்த வருஷமும் நூற்றுக்கு நூறு வசூல் செய்த சகோதரி சுடலைவடிவு தேங்காய் உடைத்துத் தொடங்கி வைப்பார் என்றார் மேனேஜர். கைதட்டினார்கள். முத்துராணி குங்குமத் தட்டோடு பின்னால் வந்து, "ஏட்டி போ, கலெக்டரம்மா" என்று முதுகில் தள்ளினாள். யாரோ தேங்காயைக் கையில் கொடுத்தார்கள். தேங்காயோடு அவள் வேன் முன்னால் போகாமல், ஓரமாக நின்றிருந்த காப்பகத்துச் சித்ரலேகாவிடம் போனாள்.

மெதுவாகத்தான் சொன்னாள். திருச்செந்தூர் ஸ்டேஷன் முன்னால் ஒரு ஆள் தனியாக உட்கார்ந்திருக்கிறானாம், சித்தம் சரியில்லாதவன் மாதிரித் தெரிகிறதாம், தெரிந்த பொம்பளை ஒருத்தி போன் பண்ணினாள், வேனை அனுப்ப முடியுமா என்றாள். சித்ரலேகாவுக்கு இது அன்றாடம். பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து, ஆள் அடையாளம் சொன்னாங்களா என்று கேட்டார்.

"நீலக் கட்டம் போட்ட சட்டை. மேல இருந்து ரெண்டாவது பட்டன் மட்டும் வெள்ளை. முடி காது மூடுத அளவுக்கு இருக்கும். இடது புருவத்துல ஒரு வெட்டு, சின்னதுல அம்மிக்கல்லுல விழுந்தது. வலது செருப்பு வாரை நைலான் நூலு வச்சுத் தச்சிருக்கும். சத்தம் போட்டா பயந்துருவான், பையப் பேசினா வந்துருவான்."

சித்ரலேகா எழுதுவதை நிறுத்தியிருந்தார்.

"போன்ல இவ்வளவும் சொன்னாங்களாம்மா?"

சுடலைவடிவு தேங்காயைப் பார்த்தாள். குடுமியை இழுத்துக் கொஞ்சம் பிய்த்தாள். ஏழு வருஷமாக அந்த மில் காம்பவுண்டுக்குள் சொல்லாததை, அதன் நடு முற்றத்தில், பந்தலுக்கடியில் சொன்னாள்.

"என் தம்பி."

பின்னால் முத்துராணி கையிலிருந்த தட்டு சரிந்து குங்குமம் கொட்டியது.

சித்ரலேகா ஒன்றும் திட்டவில்லை. ரசீத் காக்காவைப் பார்த்துக் கையை மட்டும் அசைத்தார். அவர் கேள்வி கேட்காமல் ஏறி, அவர்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்தார். எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. படம் எடுக்க வந்தவன் வேன் போவதைப் படம் எடுத்தான். மேனேஜர் மைக்கைப் பிடித்தபடியே, என்னாச்சு, என்னாச்சு என்றது ரோடு வரைக்கும் கேட்டது. முத்துராணியை யாரும் கூப்பிடவில்லை, அவளாகவே ஏறியிருந்தாள்.

கருங்குளம் தாண்டியதும் சித்ரலேகா சொன்னார், சொல்ல வேண்டியதை வரிசையாகச் சொன்னார். ஐம்பது கட்டில் இருக்கிற இடத்தில் அறுபத்திரண்டு பேர் இருக்கிறார்கள். தம்பி, அண்ணன், புருஷன் என்று வீட்டிலுள்ளவர்களையும் எடுக்கத் தொடங்கினால் திருநெல்வேலி ஜங்ஷன் வரை வரிசை நிற்கும். யாருமே இல்லாதவனுக்குத்தான் அது. நீங்கள் செய்தது என்ன தெரியுமா, ஒருத்தனை யாருமே இல்லாதவனாக ஆக்கியது. அப்புறம் குரல் கொஞ்சம் இறங்கியது. செவ்வாய்க்கிழமைதோறும் டாக்டர் வருகிறார், வெளியிலிருந்து யாரும் வந்து காட்டலாம், மாத்திரை விழுங்காதவர்களுக்கு மாதம் ஒரு ஊசி இருக்கிறது, கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே என்றார். ஊசி என்று ஒன்று இருப்பதே சுடலைவடிவுக்குத் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். யாரிடம் கேட்பது, கேட்டால் மில்லுக்குத் தெரிந்துவிடுமே என்றுதான் ஒவ்வொரு தடவையும் வாயை மூடிக்கொண்டாள்.

முத்துராணி அதுவரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திருப்பூருன்னு சொன்னியேட்டி."

சுடலைவடிவு முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

"போன தீபாவளிக்கு உன் தம்பி அனுப்பினான்னு ஒரு நைட்டியக் காட்டினியே. அதுவும் நீயே வாங்கினதா?"

"ஆமா."

"ஊருல உள்ள பைத்தியத்துக்கெல்லாம் எங்ககிட்ட கை ஏந்தினே. உன் வீட்டுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டியா? நாங்க என்ன, கடிச்சா தின்னுருவோம்?" என்று கேட்டுவிட்டு முத்துராணியே அழுதாள். சுடலைவடிவுக்கு அழுகை வரவில்லை. குரும்பூருக்கு முன்னால் ரயில்வே கேட் அடைத்துக் கிடந்தது. திறக்கிற வரைக்கும் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, போயிராதலே, போயிராதலே என்று உதட்டுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

வேப்ப மரத்தடி பெஞ்சில் வேறு யாரோ இரண்டு பேர் உட்கார்ந்து கடலை தின்றுகொண்டிருந்தார்கள். இட்லிப் பொட்டலம் பிரிக்காமல் கீழே கிடந்தது. பக்கத்தில் பூ விற்கிற அம்மாளைக் கேட்டார்கள். ஒரு பையன் வெகுநேரம் இருந்தான், ஒவ்வொரு வேனாக எழுந்து எழுந்து போய்ப் பார்த்தான், டிரைவர்மார் விரட்டினார்கள், பிறகு மேளத்தோடு ஒரு பெரிய கூட்டம் வந்தது, அதோடு போய்விட்டான் என்றாள். ஒவ்வொரு வேனாக என்ற வார்த்தையில் சுடலைவடிவு அப்படியே மரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு கடற்கரைக்குத்தான் ஓடினாள். வெள்ளிக்கிழமைக் கூட்டம். தண்ணீருக்குள் நூறு தலை, இருநூறு தலை. நீலச் சட்டை போட்டவனையெல்லாம் தோளைப் பிடித்துத் திருப்பினாள். ஒருத்தன் பெண்டாட்டி, என்ன பொம்பளை இவ என்று சண்டைக்கு வந்தாள். அலையில் ஒரு நீலத் துணி மிதந்து வந்தது, ஓடிப் போய் எடுத்தாள். யாரோ விட்டுவிட்டுப் போன கைலி. அதைப் பிழிந்து மணலில் போட்டாள். எதற்குப் பிழிந்தோம் என்று தெரியவில்லை.

ரசீத் காக்கா கடல் பக்கம் வரவில்லை. இவங்க நிழலைத் தேடித்தான் போவாங்க தங்கச்சி, எத்தனை பேரை எடுத்திருக்கேன் என்று சொல்லிவிட்டு அவர் மண்டபம் மண்டபமாகப் போனார். சுடலைவடிவும் கடைசியில் அவர் பின்னால் வந்தாள். முடி இறக்குகிற கொட்டகைக்குள் நுழைந்து, வரிசையாக உட்கார்ந்திருந்த ஆட்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்தக் கடைசி வரை போனாள், திரும்பி வந்தாள். நீலச் சட்டை இல்லை. காது மூடுகிற முடி இல்லை. எல்லாம் சந்தனம் பூசிய மொட்டைத் தலைகள். வெளியே வந்து, இங்கன இல்ல காக்கா என்றாள்.

அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு மெல்லப் போய்த் தூணோரம் சட்டையில்லாமல் குத்தவைத்திருந்த ஒருவன் பக்கத்தில் தானும் குத்தவைத்து உட்கார்ந்தார். அந்த ஆளின் இடது புருவத்தை அவளுக்குக் கையால் காட்டினார்.

அந்தக் கூட்டத்தோடு போனவனை அந்தக் குடும்பத்தில் ஒருவன் என்று நினைத்து யாரோ டோக்கன் கொடுத்திருக்கிறார்கள். வரிசை நகர்ந்திருக்கிறது, இவனும் நகர்ந்திருக்கிறான். சட்டையைக் கழற்று என்றார்கள், கழற்றினான். மொட்டை அடித்துச் சந்தனமும் பூசி அனுப்பிவிட்டார்கள். அந்தக் குடும்பம் அதன் வழியே போய்விட்டது. சட்டையும் எங்கேயோ போய்விட்டது.

சுடலைவடிவு கிட்டே போய் உட்கார்ந்தாள். ஏலே, ராசா என்று தலையைத் தொடப் போனாள். அவன் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். கோபமாகக்கூட இல்லை, தெரியாதவர்கள் தொட வந்தால் நகர்கிற மாதிரி.

"பாத்துட்டுத்தானக்கா போனே."

"இல்லலே. முடி இல்லாம அடையாளம் தெரியலைலே எனக்கு."

"மூஞ்சியப் பாத்தே. போனே. திரும்ப வந்து பாத்தே. திரும்பப் போனே."

"சத்தியமாத் தெரியலைலே."

"ரெண்டு தடவை" என்றான், விரலைக் காட்டி. மஞ்சள் கறை போகாத விரல்.

காலையில் விட்டுப் போனதற்குக்கூடக் காரணம் சொல்லிவிடலாம். ஊசியைப் பற்றித் தெரியாமல் போச்சு, பயந்துட்டேன், பூட்டி வைக்க மனசு வரலை என்று என்னவாவது சொல்லலாம். கண்ணுக்கு நேராக இருந்தவனைத் தெரியாமல் போனதற்கு என்ன சொல்வது? ஒரு பட்டனைக்கூட விடாமல் அடையாளம் சொன்னவள்தான் அவள். கொட்டகை ஓரத்து ஈர மணலில் அப்படியே உட்கார்ந்து நெற்றியைத் தரையில் வைத்துக்கொண்டாள். போகிறவர்கள் வேண்டுதல் போல என்று ஒதுங்கிப் போனார்கள். முத்துராணி வந்து அவள் முதுகில் கை வைத்து உட்கார்ந்தாள், அந்தக் கையை எடுக்கவில்லை.

சித்ரலேகா தள்ளி நின்று டாக்டரோடு போனில் பேசினார். நீண்ட நேரம் பேசினார். பிறகு வந்து சொன்னதில் சுற்றி வளைப்பு இல்லை. கட்டில் கிடையாது. டாக்டர் பார்த்து, முதல் ஊசி போட்டு, உடம்பு பிடிக்கிறதா என்று கவனிக்கப் பத்து நாள் வைத்துக்கொள்ளலாம், அதுவும் வராந்தாவில் பாய் போட்டுத்தான். பத்தாம் நாள் வீட்டார் வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டும். வராவிட்டால் போலீஸுக்கு எழுதிக் கொடுப்பேன் என்றார். இப்போது அவன் உங்களைப் பார்த்தால் மிரண்டு விலகுகிறான், அதனால் அதுவரைக்கும் நீங்கள் வர வேண்டாம் என்றும் சொன்னார். பத்து நாளுக்குள் வாடகை வீட்டுக் கெடுவும் முடிந்திருக்கும். சுடலைவடிவு அதைச் சொல்லவில்லை. வேன் மேல் காகிதத்தை வைத்து அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். உறவு என்ற இடத்தில் அக்கா என்று எழுதினாள். வேலை பார்க்கும் இடம் என்ற இடத்தில் கொஞ்சம் நின்று, மில் பெயரை எழுதினாள். கைப்பைக்குள் போன் விடாமல் அடித்துக்கொண்டே இருந்தது. மில்லிலிருந்துதான். இந்நேரம் கேண்டீன் வரைக்கும் தெரிந்திருக்கும்.

பெருமாள்ராஜ் அவள் கூப்பிட்டதற்கு வரவில்லை. ரசீத் காக்கா, வாரும் மாப்பிள்ளை, முன்னால உக்காரலாம், காத்து வரும் என்றதும் எழுந்து போய் முன் சீட்டில் உட்கார்ந்தான். காக்கா தன் துண்டை எடுத்து அவன் தோளில் போட்டார். கண்ணாடியில் இன்னும் மாலை தொங்கிக்கொண்டிருந்தது. பாதிப் பூ வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

அவள் ஜன்னல் பக்கம் போய் நின்றாள். கிட்டே போகவில்லை, கை எட்டாத தூரத்தில் நின்றாள்.

"பத்தாம் நாள் வருவேன்லே."

அவன் விரலை மடக்கி எண்ணினான். சனி, ஞாயிறு என்று உதடு அசைந்தது. இரண்டு கைவிரலும் முடிந்தன.

"திங்கக்கிழமை."

"ஆமா, திங்கக்கிழமை."

"திங்கக்கிழமை உனக்கு டூட்டி."

"லீவு கேட்டுட்டு வாரேன்."

அப்போதுதான் அவன் அவள் பக்கம் திரும்பினான். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி இருந்தான்.

"என்னன்னு சொல்லிக் கேப்பே?"

"என் தம்பியக் கூட்டிட்டு வரப் போறேன்னு சொல்லிக் கேப்பேன்."

அவன் நம்பியதாகவும் தெரியவில்லை, நம்பாததாகவும் தெரியவில்லை. கேட்டது போதும் என்பது போல ரோட்டைப் பார்த்துக்கொண்டான். ரசீத் காக்கா வண்டியை எடுத்தார்.